சிமுலேட்டரில் உங்க சொந்த விமானம்: மாடல் தேடுவதும் மாற்றுவதும்

ஏரோ டிசைன் போட்டிக்காக ஆர்.சி. விமானம் கட்டுற குழுக்கள் எல்லாத்துக்கும் ஒரே பயம்தான். ஒரு செமஸ்டர் முழுக்க பால்சா மரம் வெட்டி, ஒட்டி, கவர் போட்டு முடிச்சது, முதல் பறப்பிலேயே மூக்கு தரையில் குத்தி நின்னுடக் கூடாது. அந்த ஆபத்தைக் குறைக்க ஒரு மலிவான வழி உண்டு. விமானத்தைக் களத்துக்குக் கொண்டு போகும் முன்னாடியே சிமுலேட்டரில் பறக்கவிட்டுப் பார்க்கலாம். கூடவே வர்ற ஏதோ ஒரு மாடலைப் பறக்கவிட்டால் கை மட்டும்தான் பழகும். உங்க விமானத்தை பறக்கவிட்டால்தான் வடிவமைப்பும் சோதனைக்கு வரும். அதை எப்படிச் செய்வது என்பதுதான் இந்தப் பாடம்.

1. எந்த சிமுலேட்டர், எங்கே மாடல்?

ரியல்ஃப்ளைட் போன்ற கட்டண சிமுலேட்டர்களில் மாடலை மாற்ற உள்ளேயே எடிட்டர் இருக்கு. எஃப்.எம்.எஸ். என்பது பழைய இலவச சிமுலேட்டர். ரசிகர்கள் அதற்கு ஏராளமான மாடல்களைச் செய்து வைத்திருக்கிறார்கள். அதில் விமானத்தின் இயல்பு ஒரு கோப்பிலும், 3டி உருவம் இன்னொரு கோப்பிலும் இருக்கும்.

இந்தப் பாடத்துக்கு நாம எடுத்துக்கப் போறது சி.ஆர்.ஆர்.சி.சிம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள சார்ல்ஸ் ரிவர் ரேடியோ கன்ட்ரோலர்ஸ் கிளப்பின் பெயரிலிருந்து வந்தது இது. ஜி.பி.எல். உரிமத்தில் இலவசம், லினக்ஸிலும் விண்டோஸிலும் ஓடும். இதில் ஒவ்வொரு விமானமும் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு. சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து, எல்லா எண்களையும் கண்ணால் பார்த்து மாற்றலாம். படிக்கிற நமக்கு இதைவிட வேறென்ன வேணும்?

மாடல் தேடும்போது பலரும் உருவத்தைப் பார்த்து எடுக்கிறாங்க. அப்படி எடுக்காதீங்க. படத்தில் இருக்கும் இறக்கைக்கும் பறக்கும் கணக்குக்கும் சம்பந்தமே இல்லை. பெயின்ட், 3டி உருவம் எல்லாம் வெறும் சட்டை மாதிரி. உங்க விமானத்தோட இந்த நான்கும் பொருந்துகிற மாடலைத் தேடுங்க:

- இறக்கை மேலே இருக்கா, நடுவிலா, கீழேயா
- இறக்கை நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம்
- ஐலரான் உண்டா, ரட்டர் மட்டும்தானா
- மோட்டார் உள்ளதா, கிளைடரா

எடுத்த கோப்பை நேரடியாக மாற்றாமல், நகல் எடுத்து வேறு பெயர் கொடுங்க. மூலக் கோப்பை யார் செய்தாங்க, என்ன உரிமம் என்பதையும் குறித்து வையுங்க. புராஜெக்ட் ரிப்போர்ட்டில் அது தேவைப்படும்.

2. முதலில் அலகு, பிறகுதான் எண்

கோப்பைத் திறந்ததும் எடையையும் இறக்கைப் பரப்பையும் தேடி மாற்றத்தான் கை போகும். ஒரு நிமிஷம் பொறுங்க. அந்தக் கோப்பு எந்த அலகில் எழுதப்பட்டிருக்கு? சில கோப்புகள் மீட்டர், கிலோகிராமில் இருக்கும். சில கோப்புகள் அடி, ஸ்லக் கணக்கில் இருக்கும். ஒரு ஸ்லக் என்பது சுமார் 14.59 கிலோ. 1.5 கிலோ விமானத்துக்கு ஸ்லக் கோப்பில் 0.103 என்று எழுதணும். அங்கே 1.5 என்றே எழுதினால், சிமுலேட்டர் அதை 22 கிலோ விமானமாக எடுத்துக்கும். அது ஓடுபாதையை விட்டு எழும்பவே எழும்பாது.

3. நம்ம உதாரண விமானம்

இறக்கை நீளம் 1.5 மீட்டர், நாண் நீளம் 0.25 மீட்டர், பரப்பு 0.375 சதுர மீட்டர், எடை 1.5 கிலோ. சாதாரண ஹை-விங் ட்ரெய்னர்.

இறக்கைச் சுமை 1.5-ஐ 0.375-ஆல் வகுத்தால் வருவது: சதுர மீட்டருக்கு 4 கிலோ. அடுத்து ஸ்டால் வேகம். எடை விசையை இரண்டால் பெருக்கி, காற்றின் அடர்த்தி, இறக்கைப் பரப்பு, உச்ச ஏற்றுவிசைக் குணகம் மூன்றின் பெருக்கல் தொகையால் வகுத்து, வர்க்கமூலம் எடுங்க. அடர்த்தி 1.2, குணகம் 1.2 என்று வைத்தால் வினாடிக்கு 7.4 மீட்டர் வரும். அதாவது மணிக்கு சுமார் 27 கி.மீ.

இப்போ போட்டிக்காக இன்னொரு 1.5 கிலோ சரக்கு ஏற்றுறீங்கன்னு வைங்க. எடை இரட்டிப்பானால் ஸ்டால் வேகம் 1.41 மடங்கு, அதாவது வினாடிக்கு 10.4 மீட்டர். காலியாகப் பறக்கும்போது தரையிறக்கிய அதே வேகத்தில் சரக்கோடு இறங்க முயன்றால் விமானம் கல் மாதிரி விழும். இதை நிஜ விமானத்தில் கத்துக்கிறதைவிட சிமுலேட்டரில் கத்துக்கிறது நல்லது, இல்லையா?

4. சிஜி: எல்லாத்தையும் தீர்மானிக்கிற எண்

ஈர்ப்பு மையம் பின்னால் போகப் போக விமானம் அடங்காப்பிடாரி ஆகும். கோப்பில் இது பிட்ச் திருப்புவிசைக் குணகமாக வரும்: மூக்கு ஒரு கோணம் உயர்ந்தால், அதை எவ்வளவு வலுவாகக் கீழே திருப்பும் என்பதைச் சொல்லும் எண். இது எதிர்க்குறியோடு இருக்கணும். கிட்டத்தட்ட, ஏற்றுவிசைச் சரிவை நிலைத்தன்மை விளிம்பால் பெருக்கினால் அதன் அளவு கிடைக்கும்.

நம்ம விமானத்துக்கு ஏற்றுவிசைச் சரிவு ரேடியனுக்கு சுமார் 4.7. விளிம்பு நாணில் 10 சதவீதம் என்றால் குணகம் −0.47. இப்போ 150 கிராம் லிப்போ பேட்டரியை 125 மில்லிமீட்டர் பின்னால் தள்ளுங்க. சிஜி எவ்வளவு நகரும்? 150-ஐ 125-ஆல் பெருக்கி, மொத்த எடை 1500-ஆல் வகுங்க: 12.5 மில்லிமீட்டர். பார்க்கச் சின்ன அளவுதான். ஆனா அது நாணில் 5 சதவீதம். விளிம்பு பாதியாகி, குணகம் −0.235 ஆகிவிடும். வெல்க்ரோ பட்டை சரியா ஒட்டாமல் பேட்டரி நழுவினால் நடப்பது இதுதான்.

இரண்டு எண்ணையும் மாறி மாறிப் போட்டுப் பறந்து பாருங்க. எலிவேட்டர் ஸ்டிக்கில் விரல் பட்டதும் மூக்கு துள்ளுதா? அந்த உணர்வு விரலுக்குப் பழகிட்டால், களத்தில் முதல் சில வினாடிகளிலேயே 'சிஜி பின்னால இருக்கு' என்று கண்டுபிடிச்சிடுவீங்க.

மற்ற குணகங்களுக்கு எக்ஸ்எஃப்எல்ஆர்5 அல்லது எம்.ஐ.டி. பேராசிரியர் மார்க் டிரெலாவின் ஏ.வி.எல். பயன்படுத்துங்க. இரண்டும் இலவசம். உங்க இறக்கை, வால் அளவுகளைக் கொடுத்தால் இந்த நிலைத்தன்மைக் குணகங்களைக் கணக்கிட்டுத் தரும்.

5. நிலைமத் திருப்புத்திறனை நூலில் கட்டி அளக்கலாம்

இதைத்தான் எல்லாரும் ஊகத்தில் போடுறாங்க. ஊகம் வேண்டாம், ஃபிசிக்ஸ் லேப் ஞாபகம் இருக்கா? விமானத்தை இரண்டு இணை நூல்களில் கிடைமட்டமாகத் தொங்கவிடுங்க. சிஜி இரண்டு நூலுக்கும் சரியாக நடுவில் இருக்கணும். மெதுவாக முறுக்கி விட்டு, 10 அலைவுக்கு நேரம் எடுங்க.

எடை விசை, நூல்களுக்கு இடையிலான தூரத்தின் வர்க்கம், அலைவு நேரத்தின் வர்க்கம் மூன்றையும் பெருக்குங்க. அதை 16, பை வர்க்கம், நூல் நீளம் ஆகியவற்றின் பெருக்கல் தொகையால் வகுங்க. நூல் நீளம் 1.5 மீட்டர், இடைவெளி 0.5 மீட்டர், 10 அலைவுக்கு 25 வினாடி என்றால், விடை சுமார் 0.097 கிலோகிராம் சதுர மீட்டர். இது யா அச்சுக்கான மதிப்பு. விமானத்தை வேறு பக்கமாகத் திருப்பித் தொங்கவிட்டு மற்ற இரண்டு அச்சுக்கும் அளக்கலாம்.

இன்னும் கட்டவே ஆரம்பிக்கலையா? அப்போ ஒத்த மாடலை அளவு மாற்றிக்கோங்க. எல்லா நீளமும் 1.2 மடங்கானால் பரப்பு 1.44 மடங்கு, எடை 1.73 மடங்கு, நிலைமத் திருப்புத்திறன் 2.49 மடங்கு. நீளத்தை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை அப்படியே விட்டால், அது எந்த விமானமும் இல்லை.

6. சரிபார்க்கும் வரிசை

1. மாற்றிய மாடலை நேராக, மட்டமாகப் பறக்கும்படி ட்ரிம் செய்யுங்க.
2. ஆற்றலைக் குறைத்து ஸ்டால் வரவழையுங்க. கணக்கிட்ட 7.4-க்கு அருகில் வருதா?
3. முழு ஆற்றலில் உச்ச வேகம் பாருங்க. 5 அங்குல பிட்ச் புரொப்பெல்லர் நிமிஷத்துக்கு 9000 சுற்று சுற்றினால் பிட்ச் வேகம் வினாடிக்கு 19 மீட்டர்தான். மட்டப் பறப்பில் விமானம் 30-ல் பறந்தால் எங்கேயோ இழுவை விசையோ மோட்டார் எண்ணோ தப்பு.
4. டைவ் செய்து ஸ்டிக்கை விடுங்க. சட்டென்று மேலே வளைந்தால் மூக்கு கனம். இன்னும் செங்குத்தாகக் குத்தினால் வால் கனம்.

ஒரு தடவைக்கு ஒரே ஒரு எண்ணை மட்டும் மாற்றுங்க. மாற்றினதைத் தேதியோட எழுதி வையுங்க. கீபோர்டில் பறக்காமல், உங்க ட்ரான்ஸ்மிட்டரையே யூ.எஸ்.பி. கேபிளில் இணையுங்க.

7. சிமுலேட்டர் சொல்லாதது

இறக்கை ஸ்பார் உடையுமா, ஐலரான் அதிருமா, சர்வோ கொம்பு கழலுமா என்று இது சொல்லாது. அதற்கு லோட் டெஸ்ட்தான் வழி. சிமுலேட்டரில் நூறு தடவை இறங்கியிருந்தாலும், களத்தில் ரேஞ்ச் செக்கையும் கன்ட்ரோல் திசை சோதனையையும் விடக் கூடாது.

பயிற்சி: உங்க விமானத்தை எடை போட்டு, சிஜி குறித்து, நூலில் தொங்கவிட்டு அளந்து, கோப்பு ஒன்று தயார் செய்யுங்க. பிறகு சிஜியை 5 மில்லிமீட்டர் வீதம் பின்னால் நகர்த்தி, எந்த இடத்தில் உங்களால் பறக்கவிட முடியாமல் போகுது என்று கண்டுபிடியுங்க. அந்த இடத்தை நிஜ விமானத்தில் சிவப்பு மார்க்கரால் கோடு போட்டு வையுங்க. பறக்கும் நாளில் பேட்டரியை மாட்டினதும் சிஜி அந்தக் கோட்டுக்கு நல்லா முன்னாடி இருக்கான்னு பாருங்க. இருந்தால் மட்டும் த்ராட்டிலைத் தொடுங்க!