பழைய வீட்டைப் பெரிதாகப் புதுப்பிக்க: சித்தூர், திருப்பதிக்காரர்களுக்கு ஒரு செலவுக் கணக்கு

சித்தூரிலும் திருப்பதியிலும் பழைய வீட்டில் கை வைக்கிறவர்களின் ஆசைகள் ஏறக்குறைய ஒன்றுதான். கூடம் அகலமாக வேண்டும், சமையலறை புதிதாக வேண்டும், மேலே ஒரு மாடி போட்டு வாடகைக்கு விட வேண்டும். இந்த ஆசைகள் கையைக் கடிப்பதில்லை. சுவரை எழுப்பி முடித்த பிறகு, "ஜன்னலை அந்தப் பக்கம் வைத்திருக்கலாமே" என்று தோன்றுகிறதே, அதுதான் கடிக்கிறது. காகிதத்தில் ஒரு கோட்டை அழிக்க ரப்பர் போதும். கட்டிய சுவரை அழிக்க இரண்டு ஆள் கூலி, ஒரு டிராக்டர் வாடகை, மறுபடி செங்கல், மறுபடி பூச்சு. எனவே இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் சுத்தியல் எடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியவைதான்.

முதலில், வீடு எதன் மேல் நிற்கிறது என்று பாருங்கள்

1911இல் உருவான சித்தூர் மாவட்டம், 1953இல் ஆந்திர மாநிலம் பிரியும் வரை சென்னை மாகாணத்தில் இருந்தது. வேலூர்ப் பக்கம் பார்க்கிற மெட்ராஸ் டெரஸ் வீடுகளை இங்கும் பழைய தெருக்களில் பார்க்கலாம். மரக்கட்டைகளின் மேல் சன்னமான செங்கலைக் குறுக்காக நிறுத்தி, சுண்ணாம்புக் கலவையில் பிடித்த கூரை அது. குப்பம் பக்கம் போனால் கல் பலகை பரப்பிய மேல்தளம். அதற்குப் பிந்தியவை சுவரே பாரம் தாங்கும் கான்கிரீட் வீடுகள். இன்னும் பிந்தியவற்றில்தான் கான்கிரீட் தூணும் பீமும் வரும். உங்கள் வீடு இதில் எந்த வகை என்று தெரியாமல் பிளான் வரைவது வீண்.

கதவு நிலை இருக்கும் இடத்தில் டேப் வைத்துச் சுவரை அளந்து பாருங்கள். பூச்சோடு சேர்த்துப் பத்து அங்குலத்துக்குப் பக்கத்தில் வந்தால் அது ஒன்பது அங்குலச் சுவர். கூரையின் பாரம் அதில் இறங்குகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து, ஐந்தரை அங்குலம் என்றால் பெரும்பாலும் தடுப்புச் சுவர். ஆனால் 'பெரும்பாலும்' என்பதை நம்பி இடிக்கக் கூடாது. பிற்காலத்தில் போட்ட பரணோ தண்ணீர்த் தொட்டியோ அதன் மேல் உட்கார்ந்திருக்கலாம். வீட்டு மூலைகளில் பூச்சை ஒரு சாண் அகலத்துக்குக் கொத்திப் பார்த்தால் தூண் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

மாடி எழுப்பும் எண்ணம் இருந்தால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரை அழைத்தே ஆக வேண்டும். அஸ்திவாரத்தை ஓரிடத்தில் தோண்டி, ஆழமும் அகலமும் மண்ணும் பார்த்து, எழுத்தில் கருத்துத் தரச் சொல்லுங்கள். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார், நான் எத்தனை வீடு பார்த்திருக்கேன்" என்று மேஸ்திரி சொல்வார். அவர் சொல்வது சரியாகவே கூட இருக்கலாம். ஆனால் ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் ஒரு சதுர அடிக்கு ஏறக்குறைய 29 கிலோ. ஆயிரம் சதுர அடிக்கு 29 டன். அதற்கு மேல் சுவர், தொட்டி, குடியிருப்பவர்கள். அஸ்திவாரம் இதைத் தாங்காது என்று தெரிந்தால் இரும்புச் சட்டமும் ஷீட் கூரையுமாக லேசான மாடி போடலாம். அல்லது மாடியை விட்டுவிட்டு, அந்தப் பணத்தில் கீழ்த்தளத்தை நன்றாகச் செய்துகொள்ளலாம். எது ஆனாலும் இன்ஜினியரின் கட்டணம் இந்த வேலையிலேயே ஆகச் சிறிய செலவு.

ஒன்றில் மட்டும் பெரிதாக ஆசைப்படுங்கள்

வீட்டில் ஒவ்வொருவரும் தங்கள் பட்டியலைத் தனித்தனியாக எழுதட்டும். பிறகு உட்கார்ந்து ஒரே ஒரு பெரிய மாற்றத்தைத் தேர்ந்தெடுங்கள். மற்ற எல்லாம் அதற்கு அடங்கி நடக்க வேண்டும். கூடத்தை விரிப்பதுதான் அந்த ஒன்று என்றால், ஒன்பது அங்குலச் சுவரை முழுசாக எடுக்காதீர்கள். முழுசாக எடுத்தால் முட்டுக் கொடுத்து, இரும்பு கர்டர் ஏற்றி, அது உட்காரும் இடத்தில் கான்கிரீட் திண்டு போட வேண்டும். இரு பக்கமும் சுவரைக் கொஞ்சம் விட்டு நடுவே ஆறடி திறப்பு வைத்து, மேலே முறையான லின்டல் போட்டால் இரண்டு அறையும் ஒன்றான தோற்றம் வந்துவிடும். செலவும் வெகுவாகக் குறையும்.

தண்ணீர் இருக்கும் இடத்தைத் தொடாதீர்கள். புதுப்பிக்கும் வேலையில் பணத்தை அதிகம் விழுங்குவது கழிவறையை இடம் மாற்றுவதுதான். நாலங்குலக் கழிவுக் குழாய்க்கு நாற்பதுக்கு ஒன்று வாட்டம் கொடுத்தால், 12 அடி தூரத்தில் 3.6 அங்குலம் இறக்கம் வேண்டும். குழாய்த் தடிமனையும் சேர்த்து அதற்கு இடம் தேட, தரையை உயர்த்த வேண்டும் அல்லது தளத்தை இறக்க வேண்டும். பழைய குளியலறைச் சுவருக்கு மறுபுறமே புதுக் குளியலறை, அதற்கு நேர் மேலே மாடிக் குளியலறை என்று அமைத்தால் ஒரே குழாய்ப் பாதை எல்லாவற்றுக்கும் போதும். சமையலறைத் தொட்டியும் அதே பக்கம் வந்தால் இன்னும் நல்லது.

வாஸ்து பார்க்கிறவர்கள் பிளான் வரையும்போதே பார்த்துவிடுங்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நிலை வைத்த பிறகு ஊரிலிருந்து வரும் மாமா ஒருவர், "ஈசானியத்தில் படிக்கட்டா?" என்று கேட்பதற்கு இடம் வைக்கக் கூடாது, அவ்வளவுதான். ஒரே ஆளிடம், ஒரே முறை கேளுங்கள். இரண்டாவது ஆள் நிச்சயம் வேறு சொல்வார்.

அனுமதி

டைல்ஸ் மாற்றுவது, பெயின்ட் அடிப்பது போன்றவை ஒரு ரகம். தளம் கூட்டுவது, புதிதாக மாடி எழுப்புவது வேறு ரகம். இரண்டாவதற்கு மாநகராட்சியின் அனுமதி கட்டாயம். ஆந்திராவில் இது டி.பி.எம்.எஸ். இணையதளம் வழியாக, உரிமம் பெற்ற தொழில்நுட்பாளர் (எல்.டி.பி.) ஒருவர் மூலம் நடக்கிறது. "பி.பி.எஸ். திட்டம் வரும்போது அபராதம் கட்டி முறைப்படுத்திக்கொள்ளலாம்" என்று சொல்பவர்கள் எல்லாத் தெருவிலும் உண்டு. அந்த அபராதத்தையும், அனுமதி பெற்ற பிளான் இல்லாமல் வங்கிக் கடன் கிடைக்காமல் வெளியில் வாங்கும் வட்டியையும் கூட்டிப் பார்த்தால் அது மலிவான வழி இல்லை என்று தெரியும்.

மதிப்பீடு

சதுர அடிக்கு இவ்வளவு என்ற பேச்சு புது வீட்டுக்குச் சரி. புதுப்பிக்கும் வேலைக்கு அது ஒத்துவராது. ஒரே அறையில் தரை மட்டும் மாறும், இன்னொன்றில் கூரையே மாறும். இடிப்பு, குப்பை அகற்றல், கொத்து வேலை, பூச்சு, குழாய், வொயரிங், தச்சு, தரை, பெயின்ட் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அளவோடு விலை கேளுங்கள். அளவு சதுர அடியில் இருக்கட்டும். இந்தப் பக்கம் அங்கணக் கணக்கு இன்னும் புழங்குகிறது. ஓரிடத்தில் அங்கணம் என்றால் 36 சதுர அடி, இன்னோர் இடத்தில் 72. எந்த அங்கணம் என்று எழுதாத ஒப்பந்தம் சண்டையில்தான் முடியும். மூன்று பேரிடம் ஒரே பட்டியலைக் கொடுத்து விலை வாங்குங்கள். மொத்தத் தொகையைவிட, ஒருவர் மட்டும் வெகுவாகக் குறைத்துப் போட்டிருக்கும் வரி எது என்று பாருங்கள். பெரும்பாலும் அது குப்பை அகற்றலாகவோ வாட்டர் புரூஃபிங்காகவோ இருக்கும்; பின்னால் 'எக்ஸ்ட்ரா' என்ற பெயரில் திரும்பி வரும்.

பழைய சுவருக்குள் என்ன இருக்கிறது என்று உடைத்தால்தான் தெரியும். எனவே மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியாக வையுங்கள். அதை வீட்டில் யாரிடமும் சொல்லாமல் வைப்பது உத்தமம். சொன்னால் அது மாடுலர் கிச்சனாக மாறிவிடும்.

பக்கத்தில் விளைவதை வாங்குங்கள்

சந்திரகிரிக் கோட்டையின் ராஜமஹாலைக் கல், செங்கல், சுண்ணாம்பு மூன்றாலும் மரமே இல்லாமல் எழுப்பியிருக்கிறார்கள். இன்றைய வீட்டிலும் கையைக் கடிக்கிற பொருள் மரமும் பிளைவுட்டும்தான். அலமாரிக்கு முழுப் பெட்டியாகப் பிளைவுட் அடிப்பதற்குப் பதில், சுவரில் கடப்பா கல் தட்டுகளைப் பதித்து, முன்னால் சட்டமும் கதவும் மட்டும் போடுங்கள். பக்கத்து மாவட்டத்துக் கல். கரையான் தொடாது, ஈரம் ஏறினாலும் உப்பாது. பரணுக்கும் அதுவே போதும். சமையல் மேடைக்கு மட்டும் கடப்பா வேண்டாம். அது சுண்ணாம்புக் கல் என்பதால் புளியும் எலுமிச்சையும் பட்ட இடம் வெளுத்துப்போகும். அங்கே கிரானைட் போடுங்கள். குப்பம் பக்கத்துக் குவாரிகளும் பாலிஷ் பட்டறைகளும் நமக்கு அருகில் இருப்பது ஒரு வசதி. பட்டறைகளில் மிஞ்சும் துண்டுகளைக் கேட்டு வாங்கினால் ஜன்னல் திண்டுக்கும் வாசற்படிக்கும் குளியலறை நிலைக்கும் ஆகும்.

பழைய தேக்கு நிலைகளையும் கதவுகளையும் விற்றுவிடாதீர்கள். இழைத்துப் பார்த்தால் உள்ளே மரம் புதிதாகவே இருக்கும். இடிக்கும் ஆளிடம், "நிலை, ஜன்னல், கர்டர், முழுச் செங்கல் எல்லாம் எங்களுக்கு" என்று முதல் நாளே பேசிவிட வேண்டும். பேசாவிட்டால் அவை அவருடையவை என்பதுதான் வழக்கம். செம்மரம் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது காதோரம் சொன்னால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். ஜெயிலில் மாடுலர் கிச்சன் கிடையாது.

மணலுக்கு 2024 ஜூலையிலிருந்து ஆந்திராவில் இலவசக் கொள்கை. ஆனால் ஏற்றுகூலி, வண்டி வாடகை, கட்டணங்கள் உங்களுடையவை, தூரம்தான் விலை. லாரி வந்ததும் உட்புற நீள, அகல, உயரத்தை அடியில் அளந்து பெருக்குங்கள். நூறு கன அடி ஒரு யூனிட். கம்பியை எடையில் சோதிக்கவும் ஒரு கணக்கு இருக்கிறது. விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும். 12 மி.மீ. கம்பி 12 மீட்டர் நீளத்துக்கு 10.67 கிலோ இருக்க வேண்டும். சிமென்டுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28இலிருந்து 18 சதவீதம் ஆனது. பழைய மதிப்பீட்டைக் கையில் வைத்திருப்பவர்கள் அந்த வரியைத் திருத்தச் சொல்லிக் கேளுங்கள்.

கேரளத்தில் லாரி பேக்கர் பரவலாக்கிய எலிப்பொறிக் கட்டு முறையில் செங்கலைப் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் இடைவெளி விட்டுக் கட்டுவார்கள். செங்கலில் ஏறக்குறைய கால் பங்கு மிச்சமாகும், வெயிலும் உள்ளே குறைவாக இறங்கும். புதிதாகச் சேர்க்கும் அறைக்கு இதை யோசிக்கலாம். ஆனால் செங்கல் அளவு ஒரே மாதிரி இருக்க வேண்டும், கட்டிப் பழகிய மேஸ்திரியும் வேண்டும். உங்கள் வீட்டில் ஒருவர் தொழில் கற்றுக்கொள்ள நீங்கள் கூலி கொடுக்க வேண்டியதில்லை.

சிக்கனம் கூடாத இடங்களும் உண்டு. பழைய வொயரைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. குளியலறையிலும் மொட்டை மாடியிலும் வாட்டர் புரூஃபிங்கைக் குறைக்கக் கூடாது. பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் சோலாருக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. இப்போது போடாவிட்டாலும், பிற்பாடு போடும் எண்ணம் இருந்தால் ஸ்டாண்டுக்கான பீடங்களையும் குழாயையும் வாட்டர் புரூஃபிங்குக்கு முன்னாலேயே வைத்துவிடுங்கள். பிறகு துளை போட்டால் அந்தச் செலவு முழுதும் வீண்.

எப்போது தொடங்குவது

கூரையைத் திறக்கும் வேலை ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம். 2021 நவம்பரில் திருப்பதி மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கோடை உச்சத்திலும் வேண்டாம். பி.பி.சி. சிமென்ட் என்றால் குறைந்தது பத்து நாள் கியூரிங் வேண்டும். வெயில் காலத்தில் பதினான்கு. அப்போது டேங்கர் தண்ணீர் விலை ஏறியிருக்கும். தளம் போடத் தை முதல் பங்குனி வரை தோது. உள்வேலைகளை ஆடிக்குத் தள்ளுங்கள். தெலுங்குக்காரர்களின் ஆஷாடமும் நம் ஆடியும் அடுத்தடுத்து வருவதால், புதிதாக பூமி பூஜை போடுகிறவர்கள் அப்போது குறைவு. மேஸ்திரிகள் பேரத்துக்கு இறங்கி வருவார்கள்.

கிரகப்பிரவேசத் தேதியை முன்கூட்டியே குறித்துப் பத்திரிகை அடித்துவிடாதீர்கள். தேதி நெருங்க நெருங்க இரட்டைக் கூலி கேட்பார்கள். கொடுக்காமல் இருக்கவும் முடியாது.

பணம் கொடுப்பது

வாரக் கணக்கில் கொடுக்காமல் கட்டம் கட்டமாகக் கொடுங்கள்: இடிப்பு முடிந்ததும், லின்டல் மட்டத்தில், தளம் போட்டதும், பூச்சு முடிந்ததும். நடுவில் நீங்கள் கேட்கும் எந்த மாற்றத்தையும் விலையோடு ஒரு நோட்டில் எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போட்ட பிறகே செய்யச் சொல்லுங்கள். எழுத வேண்டும் என்றதும் பாதி மாற்றங்கள் தாமாகவே காணாமல் போகும். கடைசி ஐந்து சதவீதத்தை நிறுத்தி வைப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். கார்த்திகை மழை ஒன்று பெய்து, மாடியும் குளியலறைச் சுவரும் ஒழுகவில்லை என்று பார்த்த பிறகு அதைக் கொடுத்தால் போதும்.