நிலத்தின் குளிர்மையும் பொதுமண்டபமும்

கமக்காரர் சங்க மண்டபம், வாசிகசாலை முதலிய பொதுக் கட்டடங்களை நிலத்தின் துணைகொண்டு குளிரச் செய்யும் முறை பல நாடுகளிற் கையாளப்படுகின்றது. முள்ளிக்குளம் போன்ற மன்னார்க் கரையோரக் கிராமங்களில் இதனை மேற்கொள்ள எண்ணுவோர் அதன் பயனையும் எல்லையையும் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

தத்துவம்

மேல்மண் பகலிற் சுடும்; இரவில் ஆறும். ஆழஞ் செல்லச் செல்ல இம்மாற்றம் குன்றும். ஏறக்குறைய 10 மீற்றர் ஆழத்தில் வெப்பநிலை ஆண்டு முழுவதும் பெரிதும் மாறாது. அவ்விடத்துக் காற்றின் ஆண்டுச் சராசரியை அண்டியிருக்கும். புதைத்த குழாய்களில் நீரைச் சுற்றவிட்டு, கட்டடத்தின் வெப்பத்தை மின்சாரத்தின் உதவியால் நிலத்துள் அனுப்பும் பொறியே நிலவெப்பப் பம்பியாகும். குளிர்நாடுகளில் அதே பொறி பனிக்காலத்தில் நிலத்தின் வெப்பத்தை அறைகளுக்குக் கொண்டுவரும்.

இந்திய அனுபவம்

தில்லியை அடுத்த குவால் பஹாரியில் டெரி நிறுவனம் 2000ஆம் ஆண்டளவில் ஒரு பயிற்சி நிலையத்தை அமைத்தது. அங்கு 4 மீற்றர் ஆழத்திற் புதைத்த பெருங்குழாய்களின் வழியே காற்று அறைகளுக்குச் செலுத்தப்பட்டது. அவ்வாழத்தில் வெப்பநிலை சுமார் 26 பாகை. கோடைக் காற்றோ 40 பாகையைத் தாண்டும். ஆதலாற் பயன் பெரிது. எனினும் ஈரப்பதன் மிக்க மழைக்காலத்துக்கு வேறு குளிரூட்டும் பொறியும் வேண்டியிருந்தது.

மன்னாரின் நிலை

மன்னாரிற் காற்றின் ஆண்டுச் சராசரி ஏறக்குறைய 28 பாகை. கோடைப் பகலின் வெப்பம் இதனிலும் சில பாகைகளே கூடியது. மேலும், குளிர்நாடுகளிற் கோடையில் நிலத்துட் சென்ற வெப்பம் பனிக்காலத்தில் மீளப் பெறப்படும். இங்கு அவ்வாறு மீளப் பெற வழியில்லை. ஆண்டுதோறும் வெப்பத்தை அனுப்பினால் குழாயைச் சூழ்ந்த மண் சூடேறி, பொறியின் பயன் குறையும்.

கிணறுகளைக் காத்தல்

கரையோரத்தில் நன்னீர் உவர்நீரின் மேல் மெல்லிய படையாக நிற்கின்றது. மண்டபத்தைக் குளிரச் செய்வதற்கெனக் கிணற்று நீரை மிகுதியாக இறைத்தால் உவர்நீர் மேலெழும். வெங்காயமும் மிளகாயும் அதனைத் தாங்கா. ஆகவே பம்பி அமைப்பதாயின் நீர் வெளியேறாத மூடிய குழாய்ச் சுற்றே தக்கது.

செய்ய வேண்டியவை

1. மேற்குச் சுவருக்கு வேம்பு நிழலும், கூரைக்கு வெண்சுண்ணப் பூச்சும், காற்றோட்டத்துக்கு எதிரெதிர்ச் சாளரங்களும் முதலில் அமைக்க.

2. ஆழக் கிணற்றிலிருந்து புதிதாக இறைத்த நீரின் வெப்பநிலையையும், நண்பகற் காற்றின் வெப்பநிலையையும் ஓராண்டுக்கு மாதந்தோறும் அளந்து குறிக்க.

3. வேறுபாடு சிறிதாயின் சங்கத்தின் பணத்தைப் பொறியிற் செலவிடாது கூரைக்கும் நிழலுக்கும் செலவிடுதலே நன்று.