காற்றுக்குத் தப்பும் குழித் திராட்சை

இத்தாலியின் சிசிலிக்கும் துனிசியாவுக்கும் இடையே உள்ளது பன்டெல்லேரியா தீவு. எரிமலை மண், மழை குறைவு, காற்றோ பலம். உயரப் படரும் கொடி அங்கே தாங்காது. ஆகவே விவசாயிகள் ‘சிபிபோ’ திராட்சையைக் குழியில் வளர்க்கின்றனர்.

நிலத்தைச் சமன் செய்து, குழி எடுத்து, அதன் நடுவில் செடியை நட வேண்டும். குழி காற்றைத் தடுக்கும். ஈரத்தை வேரடியில் சேர்க்கும். தண்டைக் குட்டையாகக் கவாத்து செய்து, ஆறு கிளைகளைச் சுற்றிலும் விடுகின்றனர். குழி தூர்ந்தால் பலன் போய்விடும். எனவே அவ்வப்போது மண்ணைத் திருத்துவது அவசியம்.

அறுவடை கையால்தான். பழத்தில் ஒரு பகுதியை வெயிலில் உலர்த்தி, புதுப் பழச்சாற்றில் சேர்த்துப் புளிக்க வைத்தால் ‘பசீத்தோ’ என்னும் இனிப்பு ஒயின் கிடைக்கும். இச்சாகுபடி முறையை 2014-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.