கைவிலங்கோடு ஒரு திருவருகைக் காலம்

கேள்வி: கடவுள் உடனிருக்கிறார் என்று நம்புகிறவருக்கு, கடினமான அழைப்பை ஏற்கும்போது பயமே வரக்கூடாதா?

பதில்: வரும். ஆல்பிரட் டெல்ப்புக்கும் வந்தது.

ஜெர்மனியின் இயேசு சபைக் குருவான அவர், ஹிட்லருக்குப் பிந்தைய நாட்டைப் பற்றித் திட்டமிட்ட கிரைசாவ் குழுவில் இருந்தவர். 1944 ஜூலையில் கைதானார். அந்த டிசம்பரில் பெர்லினின் டேகல் சிறையில், கைவிலங்குடனேயே திருவருகைக் காலச் சிந்தனைகளை எழுதினார். தாள்கள் சலவைத் துணிகளோடு ரகசியமாக வெளியே போயின. சபையைவிட்டு விலகினால் விடுதலை என்று ஆசை காட்டினார்கள். அவரோ டிசம்பர் 8 அன்று சிறைக்குள்ளேயே இறுதி வார்த்தைப்பாடு கொடுத்தார். என்ன துணிச்சல்!

இத்தனைக்கும், அவர் எழுத்தில் அச்சமும் தடுமாற்றமும் ஒளிவுமறைவின்றி இருக்கின்றன, உயிர்பிழைக்கும் ஆசையும்தான். கடவுளின் உடனிருப்பை அவர் தப்பிப்பதற்கான உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளவில்லை. 1945 பிப்ரவரி 2 அன்று தூக்கிலிடப்பட்டார். வயது 37.