மாதச் சம்பளமா, குத்தகை வேலையா?

“மாதச் சம்பளத்தில் என்ன மிஞ்சுகிறது? காண்டிராக்ட் எடுத்தால் கைநிறையக் கிடைக்குமே” என்று கேட்கும் வாலிபர்கள் நம்மவர் குடும்பங்களில் உண்டு. மின்சார வேலை, கணக்கு வேலை, சாமான் கொண்டு சேர்க்கும் வேலை எதிலும் இக்கேள்வி எழுகிறது. கேட்பவர் நம் பிள்ளையாயிருப்பார், அல்லது மருமகனாயிருப்பார். பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம். ஆகவே சிங்கப்பூர் நிலவரத்தை வைத்து இவ்விஷயத்தை நிதானமாகப் பார்ப்போம்.

இந்தப் பேதம் புதிதன்று. ஃபிக்ஹு நூல்களில் இஜாரா என்னும் பாடத்தில் இருவகை வேலையாட்கள் கூறப்படுகின்றனர். ஒருவருக்கே தம் நேரத்தை ஒப்படைப்பவர் அஜீர் காஸ். பலருக்கும் வேலை முடித்துக் கொடுப்பவர் அஜீர் முஷ்தரக். முன்னவர் வேலைக்குத் தயாராக நின்றாலே கூலி உண்டு. அன்று சரக்கு வராதது அவர் குற்றமன்று. பின்னவருக்கோ வேலை முடிந்தால்தான் கூலி. தையற்காரர் சட்டையைத் தைத்துக் கொடுக்காமல் காசு கேட்க முடியுமா?

இன்றைய சட்டமும் இதே பாதையில்தான் செல்கிறது. 1968ஆம் ஆண்டின் வேலை நியமனச் சட்டம் ஊழியருக்கே உரியது. அதன்படி ஆண்டுக்கு 11 பொது விடுமுறைகளுக்குச் சம்பளம் உண்டு. முதலாண்டில் குறைந்தது 7 நாள் விடுப்பும், ஆறு மாதம் வேலை பார்த்தவருக்கு 14 நாள் மருத்துவ விடுப்பும் உண்டு. 1955இல் தொடங்கிய மத்திய சேமநிதிக்கு, 55 வயது வரையுள்ள ஊழியரின் சம்பளத்தில் 20 விழுக்காடு பிடிக்கப்படும்; முதலாளி தம் பங்காக 17 விழுக்காடு கட்டுவார். வேலையில் கை முறிந்தால் ஊழியருக்கு நஷ்டஈடு உண்டு. குத்தகைக்காரர் இவற்றையெல்லாம் தாமே பார்த்துக்கொள்ள வேண்டும். ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் பணமும் அவரே கட்ட வேண்டும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சம்பளம் 3,000 வெள்ளி என்போம். முதலாளியின் சேமநிதிப் பங்கு 510 வெள்ளி. மாதம் 26 நாள் வேலையென்றால் ஒரு நாள் சம்பளம் சுமார் 115 வெள்ளி. பொது விடுமுறையும் விடுப்புமாக 18 நாளுக்கு வருவதை மாதங்களுக்குப் பங்கிட்டால் ஏறத்தாழ 170 வெள்ளி. ஆக மொத்தம் 3,680. வருஷத்தில் ஒரு மாதம் வேலையில்லாமற் போனால், மற்றப் பதினொரு மாதமும் 4,000 வெள்ளிக்கு மேல் வந்தால்தான் பழைய நிலைக்குச் சரி. இதில் காய்ச்சலில் படுக்கும் நாளும், ஆயுதச் செலவும், காப்புறுதியும் சேரவில்லை. “3,500 தருகிறார்கள்” என்று சந்தோஷப்படுபவர் உண்மையில் நஷ்டத்துக்கே கையெழுத்திடுகிறார்.

அப்படியானால் குத்தகை வேலையே கூடாதா? கூடும். கையில் நல்ல தொழிலும், சொந்த ஆயுதங்களும், இரண்டு மூன்று வாடிக்கைக்காரர்களும், ஆறு மாதக் குடும்பச் செலவுக்குச் சேமிப்பும் உள்ளவர் தாராளமாக இறங்கலாம். விலை சொல்லும் உரிமை அவரிடம் இருக்கிறது. ஒரே வாடிக்கைக்காரரை நம்பி, வீட்டில் ஒரே வருமானமும் வாடகை பாக்கியுமாய் இருப்பவர் பொறுப்பதே நலம்.

இறங்குபவர் வேலை இன்னது, தொகை இவ்வளவு, பணம் தரும் நாள் எது, சாமான் யாருடையது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பணம் வராவிட்டால் 20,000 வெள்ளி வரையிலான வழக்கைச் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குக் கொண்டு செல்லலாம். அங்கே கைகொடுப்பது அந்தத் தாள்தான்.

முதலாளிமாராகிய நமக்கும் ஒரு வார்த்தை. நம் கடையில், நாம் சொன்ன நேரத்தில், நம் சாமானைக் கொண்டு வேலை செய்பவரைச் சேமநிதி மிச்சத்துக்காகக் குத்தகைக்காரர் என்று எழுதிவிட்டால் அவர் குத்தகைக்காரர் ஆகிவிட மாட்டார். சட்டம் தாளிலுள்ள பெயரை மட்டும் பார்ப்பதில்லை. யார் ஏவுகிறார், ஆயுதம் யாருடையது, லாபநஷ்டம் யாருக்கு என்றே பார்க்கிறது. பொருள் கொண்டு சேர்ப்போர், வாடகைக் கார் ஓட்டுவோர் போன்ற இணையத்தளத் தொழிலாளருக்கு 2025 ஜனவரி முதல் தனிச் சட்டமே நடைமுறைக்கு வந்துவிட்டது.

ஆகவே ஆலோசனை கேட்டு வரும் பிள்ளையிடம் “போ” என்றும் சொல்லவேண்டாம், “போகாதே” என்றும் சொல்லவேண்டாம். பேனாவும் தாளும் கொடுத்து, மேற்சொன்ன கணக்கை அவர் கையாலேயே போடச் சொல்வோம்.