கத்திரி முடியும்வரை போனுக்கும் நிழல் வேண்டும்

மே 4 கத்திரி தொடக்கம். 28 வரை வேலூரும் திருத்தணியும் மதுரையும் 40 டிகிரியைத் தொடுவதும் தாண்டுவதும் நமக்குப் பழக்கம்தான். உடம்புக்கு நுங்கு, மோர், இளநீர் என்று சொல்ல வீட்டுக்கு வீடு ஆளுண்டு. சட்டைப்பையில் வேகும் பேட்டரிக்குப் பரிந்து பேசத்தான் ஆளில்லை. சார்ஜ் எத்தனை தடவை போடலாம் என்று கவலைப்படுகிறோமே தவிர, அது எந்தச் சூட்டில் கிடக்கிறது என்று தொட்டுப் பார்ப்பதில்லை.

“நன்றாக இறங்கட்டும், அப்புறம் சார்ஜ் போடு” என்பது நிக்கல்-காட்மியம் காலத்து அறிவுரை. 1991-இல் சோனி லித்தியம்-அயான் பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஊரெல்லாம் டார்ச் அடித்த நோக்கியா 1100-க்குள் இருந்ததும் லித்தியம்தான். ஆனாலும் புதுப் போனை எட்டு மணி நேரம் சார்ஜ் போட்ட பிறகே ஆன் பண்ணணும் என்று கடைக்காரர் சொல்ல, விடிய விடிய விழித்திருந்து பார்த்தவர்களில் நானும் ஒருவன். இன்று அட்டைப்பெட்டியில் லித்தியம்-பாலிமர் என்று போட்டிருந்தால் மிரள வேண்டாம்; அடிப்படை வேதியியல் அதேதான். கெட்டியான உலோக டப்பாவுக்குப் பதில் மெல்லிய பை, அவ்வளவே. பை என்பதால் உள்ளே வாயு சேர்ந்தால் வீங்கி, திரையையே நெம்பிவிடும்.

லித்தியத்துக்கு ஆகாதது இரண்டு: சூடு, முழு வயிறு. இரண்டும் சேர்ந்தால்தான் வினை. 25 டிகிரியில், 40 சதவீத சார்ஜோடு ஒரு வருடம் சும்மா வைத்த பேட்டரியில் ஏறக்குறைய 96 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும். அதையே 40 டிகிரியில் முழுச் சார்ஜோடு வைத்தால் மிஞ்சுவது 65 தான். சூட்டில் உள்ளேயிருக்கும் திரவம் மின்முனைகளில் சிதைந்து படியும். மின்சாரம் சுமக்க வேண்டிய லித்தியம் அந்தப் படிவில் சிக்கிக்கொள்ளும். பிறகு திரும்பி வராது.

ஆகவே இந்த மாதம் முழுக்க 80 சதவீதத்தோடு நிறுத்துங்கள். பல போன்களில் இதற்கென்றே செட்டிங் இருக்கிறது. 20-க்குக் கீழே இறங்கவும் விட வேண்டாம். சார்ஜ் போட நல்ல நேரம் விடியற்காலை. மொட்டைமாடி அனல் இறங்காத இரவறையில், தலையணைக்கடியில் வைத்துப் போடுவது மகா மோசம். அவசரமில்லாதபோது பழைய மெதுவான சார்ஜரே போதும். சார்ஜில் இருக்கும்போது கேம், ஹாட்ஸ்பாட் இரண்டும் வேண்டாம்.

பைக் ஹேண்டிலில் போனை மாட்டி வழி பார்ப்பவர்கள் கவனிக்க. நேர் வெயில், தானாகவே உச்சத்துக்குப் போகும் திரை வெளிச்சம், கூடவே சார்ஜிங் வயர் என்று மூன்று அடுப்பு ஒரே நேரத்தில் எரிகிறது. காதில் வழி கேட்டுக்கொண்டு போனைப் பைக்குள் போடுங்கள். உணவு டெலிவரித் தம்பிகளுக்கு அது முடியாது, தெரியும். அவர்கள் வயரையாவது கழற்றிவிட்டு, கடை வாசல் நிழலில் காத்திருக்கும் நேரத்தில் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம். வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு 60 டிகிரியைத் தாண்டும்; ஐந்து நிமிஷ வேலை என்றாலும் போனை எடுத்துக்கொண்டே இறங்குங்கள்.

கொதிக்கும் போன் சார்ஜ் ஏற மறுத்தால் ரிப்பேர் என்று ஓடாதீர்கள்; தன்னைக் காத்துக்கொள்கிறது. கவரைக் கழற்றி மின்விசிறிக்கடியில் வைத்தால் போதும். ஃப்ரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள், உள்ளே நீர் பூத்துவிடும்.

மின்வெட்டுக்காகப் பவர் பேங்க் வாங்குகிறவர்களுக்கு ஒரு சங்கதி. 10,000 எம்ஏஎச் என்பது உள்ளிருக்கும் 3.7 வோல்ட் கணக்கு. 5 வோல்ட்டாக மாறி வெளியே வரும்போது ஆறாயிரத்துச் சொச்சம்தான் தேறும். ஏமாற்றிவிட்டான் என்று கடைக்காரரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம்.

பின்மூடி புடைத்திருந்தால், திரை ஓரம் விரிந்திருந்தால், சார்ஜ் போடுவதை அன்றே நிறுத்துங்கள். ஊசியால் குத்துவது, அழுத்திச் சமன் செய்வது எதுவும் கூடாது, தீப்பிடிக்கும். புதுப் பேட்டரி வாங்கும்போது ஐஎஸ் 16046 என்ற பிஐஎஸ் குறி இருக்கிறதா என்று பாருங்கள். கழற்றியதைக் குப்பைத்தொட்டியிலோ பழைய இரும்புக்காரரிடமோ போடாமல் சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் 2022-இன்படி, பழைய பேட்டரிகளைத் திரட்டி மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு.