பார்ட்டிஷன் வேலை பாதியில் நின்றால்

தாம்பரம் சானடோரியம் மெப்ஸ் வளாகத்திலோ, சோழிங்கநல்லூர், சிறுசேரி கம்பெனிகளிலோ டெஸ்க்டாப் சப்போர்ட் வேலைக்குச் சேர்ந்தால், "சி டிரைவ் நிறைஞ்சிடுச்சு, கொஞ்சம் பெருசாக்கிக் குடுங்க" என்ற கோரிக்கை சீக்கிரமே வந்து சேரும். அந்த வேலையின் நடுவே கணினி நின்றுபோனால் உள்ளே இருக்கும் கோப்புகள் தப்புமா என்பது, அடுத்து உங்கள் கை எதைத் தொடுகிறது என்பதைப் பொறுத்தது.

முதலில், உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று பாருங்கள். திரையில் சதவீதம் நகராமல் இருந்தும் டிஸ்க் விளக்கு மின்னிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது, காத்திருங்கள். பார்ட்டிஷனை வலப்பக்கமாக நீட்டுவது சில நொடி வேலை. அதன் தொடக்கத்தையே இடம் மாற்றினால் உள்ளிருக்கும் தரவு முழுவதும் நகர வேண்டும், பழைய ஹார்ட் டிஸ்க்கில் அதற்குப் பல மணி நேரம்கூட ஆகும். பொறுமையிழந்து பவர் பட்டனை அழுத்தியவர்களால் கெட்ட டிஸ்க்குகள் ஏராளம்.

நின்றது உறுதியானால் அந்த டிஸ்க்கில் எதையும் எழுதாதீர்கள். பழக்க தோஷத்தில் செக்டிஸ்க் ஓட்டுவதுதான் பெரிய ஆபத்து. பாதித் தரவு பழைய இடத்திலும் மீதி புதிய இடத்திலும் கிடக்கும்போது, அது பிழை திருத்துவதாக நினைத்து நல்ல கோப்புகளின் தடத்தையும் துடைத்துவிடலாம். டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டுங்கள், அல்லது லைவ் லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்யுங்கள். டிடிரெஸ்க்யூ கொண்டு முழு நகல் எடுத்துவிட்டு, டெஸ்ட்டிஸ்க் போன்ற மீட்புக் கருவிகளை அந்த நகலின் மேல் ஓட்டுங்கள். ஜிபிடி முறை டிஸ்க்கென்றால் பார்ட்டிஷன் அட்டவணையின் இன்னொரு பிரதி டிஸ்க்கின் கடைசியில் இருக்கும்.

அடுத்து காரணம். விண்டோஸ் திறந்தால் ஈவன்ட் வியூவரைப் பாருங்கள். கெர்னல்-பவர் 41 என்றால் கணினி முறையாக மூடப்படாமல் அணைந்திருக்கிறது. பெரும்பாலும் மின்சாரத்தைச் சந்தேகிக்கலாம். டிஸ்க் 7 என்றால் பேட் பிளாக். அந்த டிஸ்க்கை மாற்றுவதைத் தவிர வழியில்லை. முடிச்சூர், பெருங்களத்தூர் பக்கம் மழைநீர் தேங்கினால் பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். அதனால் ஐப்பசி, கார்த்திகையில் யூபிஎஸ் இல்லாமல் பார்ட்டிஷனைத் தொடவே கூடாது.

பாதியில் நிற்காமல் முடிந்த பார்ட்டிஷன் வேலையும் சில சமயம் பயமுறுத்தும். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் வந்தது. இடம் வேண்டி லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்தால் மறுமுறை ஆன் செய்யும்போது 'க்ரப் ரெஸ்க்யூ' என்று கறுப்புத் திரை நிற்கும். பயப்படத் தேவையில்லை. பூட்லோடர் தேடும் கோப்புகள்தான் அந்தப் பார்ட்டிஷனோடு போயின, விண்டோஸ் அப்படியே இருக்கிறது. விண்டோஸ் இன்ஸ்டால் டிஸ்க்கில் பூட் செய்து பூட்லோடரைச் சரிசெய்தால் போதும். சர்வீஸ் கடையில் இதற்காக ஃபார்மட் செய்யச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பார்ட்டிஷன் அளவை மாற்றும் வேலை அரிதானது என்றும் எண்ண வேண்டாம். 2024 ஜனவரியில் வந்த கேபி5034441 என்ற விண்டோஸ் 10 அப்டேட், ரெகவரி பார்ட்டிஷனில் இடம் போதாத கணினிகளில் ஏறவில்லை. அங்கே 250 எம்பி கூட்ட, சி டிரைவைச் சுருக்கிக் கைவேலையாகவே செய்யும்படி மைக்ரோசாஃப்ட் வழிமுறை வெளியிட்டது.

நேர்காணலில் இதைக் கேட்டால் கருவிகளின் பெயரை அடுக்குவதைவிட வரிசையைச் சொல்லுங்கள். சுருக்கும்போது முதலில் ஃபைல் சிஸ்டம், பிறகு பார்ட்டிஷன், பெரிதாக்கும்போது நேர்மாறு. சுருக்கும்போது இந்த வரிசை மாறினால் ஃபைல் சிஸ்டத்தின் வால் வெட்டுப்படும். தொடங்குமுன் பேக்கப் எடுத்து, அதிலிருந்து ஒரு கோப்பையாவது திறந்து பார்ப்பேன், பிட்லாக்கர் ரெகவரி கீயை வாங்கி வைத்துக்கொண்டு பிட்லாக்கரை சஸ்பெண்ட் செய்வேன், லேப்டாப்பைச் சார்ஜரில் மாட்டுவேன் என்று சேர்த்துச் சொன்னால், கேட்பவருக்கு நீங்கள் இந்த வேலையைச் செய்தவர் என்பது புரியும்.

வேலையில் இருப்பவருக்கு இன்னொன்று: கணினி நின்ற நேரம், எந்தச் செயலின் நடுவே நின்றது, திரையில் வந்த பிழை எண் மூன்றையும் செல்ஃபோனில் படமெடுத்து, எதையும் தொடுமுன் டிக்கெட்டில் ஏற்றி மேலதிகாரிக்குத் தெரிவித்துவிடுங்கள். தரவு மீட்பு நிறுவனத்திடம் டிஸ்க் போக நேர்ந்தால் முதலில் கேட்கப்படும் விவரங்கள் இவைதான்.